ஒடியாத கம்பி

கூடலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் நதியா, சுருளிப்பட்டியில் பிறந்து ஐ.டி.ஐ. படித்தவள். பதினோரு வருடமாகப் பம்புசெட் மோட்டார்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஹீட்டர் வேலையும் கிடைக்குமென்று மதுரையிலிருந்து ஒரு சுருள் கம்பி வாங்கிவைத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை ஏலத்தோட்டக்காரர் ராஜமணி வந்து கூப்பிட்டார். அவருடைய மின்சார உலர்த்தியின் கம்பி ஒரே மாதத்தில் நான்காம் முறையாக அறுந்திருந்தது. பறித்துவந்த முந்நூறு கிலோ ஏலக்காய் ஈரத்தோடு கிடந்தது. இன்றைக்குள் சூடு ஏறாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். விற்ற கம்பெனியில் கேட்டால், ஆள் வர இரண்டு நாளாகும் என்றார்களாம்.

நதியா அவரோடு போய், உலர்த்தியிலிருந்த பழைய கம்பியைக் கழற்றி லேசாக வளைத்தாள், பட்டென்று ஒடிந்தது. துண்டுகளைச் சேர்த்து மீட்டரில் பார்த்தாள். இருபத்தாறு ஓம் இருக்கவேண்டிய தடை இருபதுதான் இருந்தது.

"அறுந்த மொனைய வெட்டிட்டு மாட்டுனாகளாண்ணே?"

"ஆமாத்தா. மூணு தடவையும் அப்பிடித்தான் செஞ்சாக."

கம்பி குட்டையானால் தடை குறையும், கரண்ட் கூடும், கம்பி இன்னும் சீக்கிரம் வெந்துபோகும் என்று விளக்கினாள். பிறகு கம்பியில் காந்தத்தை வைத்துப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டது. இரும்போடு குரோமியமும் அலுமினியமும் கலந்த கம்பி. பெரிய உலைச் சூட்டையே தாங்கும். ஆனால் ஒருமுறை சிவக்கப் பழுத்து ஆறினால், அசைத்தாலே ஒடியும் பதத்துக்கு வந்துவிடும். இங்கேயோ பக்கத்திலேயே சூட்டைத் தள்ளும் காற்றாடி ஓயாமல் அதிரும்.

"கம்பி மேல குத்தமில்லண்ணே. ஆடுற எடத்துக்கு இது ஆகாது. நிக்கல் கலந்த நைக்ரோம் போட்டா, காஞ்சு ஆறுனாலும் வளைஞ்சு குடுக்கும்."

கம்பெனிக்காரன் போட்டதை மாற்றுவதா என்று ராஜமணி தயங்கினார். காய்க் குவியலைப் பார்த்தார்.

"செய்யித்தா" என்றார்.

மதுரையில் அவள் வாங்கிவைத்திருந்த சுருள் நைக்ரோம்தான். அதில் இருபத்தாறு ஓம் வரும்படி பதினைந்தரை மீட்டர் அளந்து வெட்டினாள். இரும்புத் தண்டில் சுற்றி உருவி, வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல் சீராக இழுத்து, பீங்கான் கட்டைகளில் மாட்டினாள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்விட்சைப் போட்டாள். முனையிலிருந்து முனைவரை ஒரே சிவப்பு. எங்கும் வெளிறவில்லை, எங்கும் கறுக்கவில்லை. மறுநாள் காய்கள் கிளிப்பச்சையாக வெளியே வந்தன.

தை மாதம் வரை அந்தக் கம்பி ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. இந்த ஒரு உலர்த்தியிலிருந்து மட்டும் ஏன் புகாரே வருவதில்லை என்று பார்க்கக் கம்பெனி இன்ஜினியரே கிளம்பி வந்தார். சுருளைத் தொட்டு வளைத்துப் பார்த்துவிட்டு, இதைச் சுற்றியவரைப் பார்க்க வேண்டும் என்றார். ராஜமணி அவரை நேரே நதியாவின் கடைக்குக் கூட்டிவந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"இவுகதான்."

அந்த வருடம் கம்பம் முதல் கூடலூர் வரை பத்தொன்பது உலர்த்திகளுக்கு நதியாதான் கம்பி சுற்றினாள்.