ராகு காலமும் டிஜிட்டல் டைரியும்

துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த டிஜிட்டல் டைரியை நம்பி நான் வாழ்ந்த காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு, மயிலாப்பூர் வீட்டில், அந்தச் சனியன் கூவியது. திரையில் ‘பல் டாக்டர்’ என்று மட்டும் இருந்தது.

“இது கிளம்பற நேரமா, போய்ச் சேர்ற நேரமா?” என்றாள் மனைவி.

பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்று இப்படிப் பதிந்தேனா? டாக்டர் சொன்ன நேரமே இதுதானா? பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினேன். லண்டன் நேரம்கூட வந்தது. எனக்கு வேண்டியது வரவில்லை. அதற்குள் பத்தரை ஆகிவிட்டது.

“இனிமே எங்க போறது? செருப்பைக் கழட்டுங்க.”

பதினோரு மணிக்கு டைரி மறுபடி கூவியது: ‘அடையாறு, பல் டாக்டர்.’ கிளம்புவதற்கு ஒன்று, போய்ச் சேர்வதற்கு ஒன்று என்று இரண்டையும் ஒழுங்காகத்தான் பதிந்திருக்கிறேன். அவ்வளவு ஒழுங்கான மனிதனுக்குக் கன்னம் வீங்கிக்கொண்டே போனது.