நான்கு திரைகளை ஒன்றாக்கிய ஸ்டெல்லா

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்க. சாயங்காலம் எடுக்கறோம்" என்றார். பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் எதற்கும் இணங்காத ஸ்டெல்லா சாவுக்கு இணங்கிவிட்டார் என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

தொண்ணூறுகளில் தேனாம்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். மருத்துவமனை, பள்ளி, மருந்துக்கடை, கிடங்கு என்று நான்கு மென்பொருள்கள், நான்கு குழுக்கள், ஆளுக்கொரு வழக்கம். கீபோர்டில் எஃப் 3 விசையைத் தட்டினால் மற்ற மூன்றிலும் எழுதியது சேமிக்கப்படும். மருத்துவமனை மென்பொருளில் மட்டும் அழிந்துவிடும்.

அடையாறில் ஒரு மருத்துவமனை. மருந்துக்கடையிலிருந்து பதிவு கவுண்டருக்கு மாற்றப்பட்ட பெண் ஒருவர் பழக்கதோஷத்தில் அந்த விசையைத் தட்டினார். காலையில் பதிந்த நோயாளிகளின் பெயர்கள் அத்தனையும் போயின. சரிசெய்யப் போன எங்களிடம், "என் தப்புதான் மேடம், வேலையை விட்டுத் தூக்கிடாம சொல்லுங்க" என்று அழுதார்.

ஸ்டெல்லா நொச்சிக்குப்பத்து மீனவக் குடும்பம். கோபம் வந்தால் அலுவலகத் தமிழ் கழன்றுவிடும். திரும்பும்போது ஆட்டோவில் வெடித்தார்: "அந்தப் பொண்ணு மேல இன்னா தப்பு கீது? நாலு பேரு நாலு மாதிரி செஞ்சி வச்சிக்கினு, அது குந்திக்கினு அழுவுது!"

நான்குக்கும் ஒரே விசைகள், ஒரே நிறங்கள், ஒரே சொற்கள் என்று ஒரு பொது விதிப் புத்தகம் வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றார்.

"ஆள் இல்ல ஸ்டெல்லா."

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம் சார்."

"கம்ப்யூட்டரும் இல்ல."

"கிராஃப் நோட்டு இருக்கு."

மதிய இடைவேளைகளில் திரை திரையாக வரைந்தோம். அழிப்பதற்கு முன் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கே இரண்டு வாரம் சண்டை போட்டோம்.

குழுத் தலைவர்கள் அந்த நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஸ்டெல்லா, மற்ற மூன்று குழுத் தலைவர்களையும் மருத்துவமனைத் திரையின் முன் உட்காரவைத்துப் பெயர்கள் பதியச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக மூவரும் அழித்தார்கள். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தோட நிறுத்திக்கோம்மா."

ஸ்டெல்லா பேனாவை நீட்டினார். "எழுதிக் குடுங்க சார். எஃப் மூணு தட்டினா அழியட்டும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நிறுத்திடறேன்."

அவர் பேனாவை வாங்கவில்லை. மருத்துவமனைக் குழு அந்த மாதமே மாறியது. இன்னும் இரண்டு குழுக்கள் முனகிக்கொண்டே வந்தன. கிடங்குக் குழு கடைசிவரை வரவில்லை. ஸ்டெல்லாவுக்குப் பதவி உயர்வும் வரவில்லை.

இறுதிச் சடங்குக்கு அந்த மேலாளரும் வந்திருந்தார். முதுமையில் தளர்ந்திருந்தார். "ரொம்ப அடக்கமான பொண்ணு. எல்லாரையும் அனுசரிச்சுப் போவா" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல சார். அனுசரிச்சுப் போகவே மாட்டாங்க. அதனாலதான் அந்த வேலை நடந்துச்சு" என்றேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். அதை அடக்கம் என்று யாரும் திருத்தி எழுத நான் விடப்போவதில்லை.