சனிக்கிழமை கிழக்கே சூலம்

இன்றைக்கும் யாராவது விமானத்தைத் தவறவிட்டேன் என்று சொன்னால் எனக்குச் சென்னையில் இருக்கும் பெரியப்பா மேல்தான் எரிச்சல் வரும். அவர் விமானம் ஏறியதே இல்லை. ஆனால் சான் ஹோசேயிலிருந்து ஹூஸ்டனுக்கு எந்தக் கிழமை போகலாம் என்பதை அவர் வீட்டு நாட்காட்டிதான் முடிவு செய்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அம்மாவுக்கு லீவு, ஞாயிறு காலை மறுபடி டூட்டி. அதனால் அப்பா சனிக்கிழமை காலை ஏழு மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டார். மத்தியானம் அம்மா கையால் சாப்பாடு என்று நான் ஒரு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா போனில் ஒரே போடாகப் போட்டார். "சனிக்கிழமை கிழக்கே சூலம்டா, கிளம்பாதே." டிக்கெட்டை மாற்ற முடியாது என்றதும் பரஸ்தானம் வைக்கச் சொன்னார். பயணத்துக்கு வேண்டிய பொருளை முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பையில் போட்டு வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தமாம். பிறகு அந்தப் பையை எடுத்துக்கொண்டு எந்த நாளிலும் போகலாம். நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்களைக் காலமெல்லாம் கிண்டல் செய்த அப்பா இதை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் எதிர் பிளாக் ஆன்ட்டி வீட்டில் ஒரு துணிப்பையை வைத்துவிட்டு வந்தோம். அதில் ஒரு வேட்டி, ஒரு மஞ்சள் கிழங்கு, அப்பாவுடைய பாஸ்போர்ட். விசா நீட்டிப்பு வராமல் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்த மனிதருக்கு அந்த பாஸ்போர்ட்டை விட்டால் வேறு அடையாளமே கிடையாது.

சனிக்கிழமை விடியற்காலை, சூலத்துக்குப் பரிகாரமாக ஆளுக்கு ஒரு கரண்டி தயிரை விழுங்கிவிட்டு ஆன்ட்டி வீட்டு மணியை அடித்தோம். கதவு திறக்கவில்லை. போனும் எடுக்கவில்லை. அப்பா விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பெட்டிமேல் உட்கார்ந்து, "திஸ் இஸ் சோ டம்ப், அப்பா" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். ஆறரை மணிக்கு ஆன்ட்டியே கூப்பிட்டார். "ஐயோ, சுத்தமா மறந்துட்டேங்க! நாங்க நேத்தே மான்டரே வந்துட்டோம். சாவி அந்தக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியிலதான் இருக்கு." அப்பா இரண்டு மணி நேரமாக அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

விமானம் போய்விட்டது. அடுத்து இடம் இருந்தது சியாட்டில் வழியாகப் போவதில். கவுன்ட்டரில் இருந்த பெண், திரும்பி வரும் டிக்கெட் மூன்று பேருக்கு அப்படியே இருக்கிறது என்றார். இவர்களுக்கு எண்ணக்கூடத் தெரியாதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாங்கள் இரண்டே பேர் என்று திருத்தினேன்.

"மூணு கரெக்ட்தான்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

செய்தி கேட்ட பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம். "வடக்கே போயிட்டுப் போறியா? அப்ப சூலமே கிடையாதே!" சியாட்டிலில் மூன்று மணி நேரம் காத்திருந்தபோது நான் அப்பாவுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலில் மழை பார்த்துக்கொண்டு, போய்க்கொண்டிருந்த என் மத்தியானத்தை நினைத்து அழுதேன்.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் அம்மா இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர இரவு எட்டரை ஆகிவிட்டது. அம்மா மத்தியானம் செய்த வத்தக்குழம்பைச் சுட வைத்துப் போட்டார். பிறகு துணிப்பைக்குள் மஞ்சள் கிழங்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பரஸ்தானமா? நீங்களா?" அம்மா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "இந்த பயம் ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். லைசென்ஸைப் புதுப்பிக்காததைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நியாயமான கோபம் என்றும் தோன்றியது. அம்மா மடியிலேயே தூங்கிப்போனேன்.

ஞாயிறு காலை அம்மா என்னை வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்துவிட்டு டூட்டிக்குப் போனார். மத்தியானம் நாங்கள் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், வெல்லம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். அப்பா யாருக்கும் போன் செய்யவில்லை, வெல்லமும் கேட்கவில்லை.

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம், அப்பாவுக்கு நடைபாதை ஓரம். நடு இருக்கை காலி. நான் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் காலை நீட்டிக்கொண்டேன். இரண்டு நாளில் முதல் தடவையாக எனக்கு அப்பா மேல் கோபம் தணிந்தது. மூன்று டிக்கெட் போட்டது எவ்வளவு நல்ல ஐடியா என்று அவரைப் பாராட்டினேன்.