டொக்டர் ஷுக்ரி எழுதிய துண்டு

எழுபத்திரண்டாம் ஆண்டின் ஒரு மழைநாள். எட்டு வயது மகள் அஞ்சலையோடு தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை டவுனில் டொக்டர் ஷுக்ரியின் மருந்தகத்துக்கு வந்திருந்தாள் இராக்கம்மா. அஞ்சலைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. எதையும் மெல்லத்தான் புரிந்துகொள்வாள். "எங்கயாச்சும் விடுதியில தள்ளிவிடு" என்று லயத்து வரிசை வீடுகளின் சனம் சொல்லிச் சொல்லியே அந்தத் தாயின் நெஞ்சு புண்ணாகியிருந்தது.

டொக்டர் ஷுக்ரி அவசரப்படவே இல்லை. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்க, அவர் தரையில் குந்தி அஞ்சலையோடு தீப்பெட்டி ஒளித்து விளையாடினார். பின்னால் நின்று கைதட்டினார். அவள் திரும்பவில்லை. காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு துண்டு தாறேன். புள்ளய..."

துண்டு! தோட்டத்தில் துண்டு கொடுத்துவிட்டார்கள் என்றால், பேர் வெட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இராக்கம்மாவின் தகப்பனை அப்படித்தான் அனுப்பினார்கள். மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வாரிக்கொண்டு மழைக்குள் பாய்ந்தாள்.

எழுதிய துண்டோடு டொக்டரும் பின்னாலேயே ஓடி, பஸ் நிலையத்தில் அவளை எட்டிப் பிடித்தார்.

"என்ன டொக்டர், ஊசிக்குப் பயந்து ஓடுறாவா?" என்று அங்கிருந்த கடலைக்காரர் சிரித்தார்.

இராக்கம்மா சீறினாள்: "எம் புள்ளைக்குத் துண்டு குடுக்க நீங்க யாருங்க? கஞ்சி குடிச்சாலும் எங்கிட்டயே கெடக்கட்டும்!"

டொக்டருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அல்லாஹ்வே! இது பெரியாஸ்பத்திரியில காட்டச் செல்லி எழுதின துண்டு, தங்கச்சி. ரெண்டு காதிலயும் சீழ் இரிக்கி. கேக்காத புள்ள எப்பிடிப் பேசும்?"

"அப்ப... புத்தி?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் உடனே வந்திருப்பாள். அவர் சொல்லவில்லை.

"அது மெதுவாத்தான் வரும். அதுக்கு மருந்தில்ல. அதுக்காக எங்கயும் அனுப்பவும் தேவல்ல. அவக்கு நீங்கதான் வேணும். காதுக்கு மட்டுந்தான் பெரியாஸ்பத்திரி."

"புடிச்சு வச்சுக்கிட மாட்டாங்களே, ஐயா?"

"நானும் வாறேன். திரும்பக்குள்ள புள்ள உங்க இடுப்பிலதான்."

இராக்கம்மா அவர் கையைப் பார்த்தாள். மழையில் மை கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சுங்களே."

"போகட்டும். வாயால செல்லுறேன்."

பெற்ற நாள் முதல் யார் கையிலும் பிள்ளையைக் கொடுத்து அறியாத அந்தத் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஞ்சலையை அவர் தோளில் சாய்த்தாள்.