ராயப்பன்பட்டிக்குப் போட்ட நெட்

கம்பத்தில் எங்கள் இன்டர்நெட் கம்பெனி தொடங்கியபோது, இந்தப் பக்கம் ஃபைபர் கொடுக்க வேறு ஆள் இல்லை. நான் ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ். போன் எடுப்பதும் நான்தான், போஸ்ட் ஏறுவதும் நான்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், அம்மா அந்தப் பதவிப் பெயரைத் தப்பில்லாமல் சொல்லப் பழகியிருந்தார்.

போஸ்டர் வாசகம் முதலாளி எழுதியது: ‘குறைந்த செலவில் நெட் போட்டுத் தரப்படும்.’ கீழே என் நம்பர். முதலில் அழைத்தவர் ராயப்பன்பட்டி அந்தோணியம்மாள்.

“நெட்டு போடுவீகளாமே, இங்கன வருவீகளா தம்பி?”

“வருவோம்மா.”

“வெரசா வாங்க, தாங்க முடியல. பக்கத்துல இருக்கவகளும் கேக்குறாக.”

அவர்களும் அழைத்தார்கள். அதை நம்பித்தான் அந்த ஊருக்கு மெயின் கேபிள் இழுத்தோம். முதலாளி முன்பே சொல்லிவிட்டார்: “அம்புட்டுத் தூரம் போறோம். கனெக்‌ஷன் விழலைன்னா கேபிளைச் சுத்தி எடுத்துருவேன். பெறகு உனக்கும் இங்கன வேலை இல்ல.”

கேபிள் போய்ச் சேர்ந்ததும் மோடத்தோடு போனேன். அந்தோணியம்மாள் வீட்டைத் தாண்டித் திராட்சைத் தோட்டத்தில் போய் நின்றார்.

“இங்கன தொடங்கிக் கெணறு வரைக்கும் போட்டுருங்க.”

“தோட்டத்துக்கா நெட்டு?”

“பின்ன வீட்டுக்கா? மைனா என்ன அடுப்படிக்கு வந்தா பழத்தைக் கொத்துது?”

பந்தல்மேல் பறவைக்கு விரிக்கும் வலையும் எங்கள் பக்கம் நெட்டுதான். என் அம்மாவே அதைக் கட்டும் கூலி வேலைக்குப் போகிறவர். மற்றவர்களுக்கும் போன் செய்தேன். எல்லாருக்கும் வேண்டியது அதுதான்.

“மைனாவுக்கு ஃபைபர் இழுத்திருக்க” என்றார் முதலாளி. “ஆள் விட்டுச் சுத்திரவா?”

“நாளைக்கு ஒரு நாள் பொறுங்கண்ணே. போடுறோம்னு சொல்லிட்டோம், கட்டிக் குடுத்துருவோம்.”

வலை அந்தோணியம்மாளிடமே இருந்தது. கட்டத்தான் ஆள் இல்லை. மறுநாள் அம்மாவையும் உடன் வேலை செய்பவர்களையும் கூட்டிப்போய்க் கட்டினோம். பாதி வேலையில் குமுளி வியாபாரி போன் செய்து, குலையை வீடியோவில் காட்டச் சொன்னார். தோட்டத்தில் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல், வீடியோ வராது. அந்தோணியம்மாள் ரோட்டுக்கு ஓடினார். அதற்குள் லைன் போய்விட்டது.

திரும்பி வந்து மூச்சு வாங்கினார். “போன தடவையும் இப்படித்தான், நான் ஓடிச் சேர்றதுக்குள்ள வேற தோட்டத்துல முடிச்சிட்டாக. உன் நெட்டு இங்கன எடுக்குமா?”

ரோட்டோர போஸ்டிலிருந்து அவருடைய மோட்டார் ரூமுக்கு ஒயர் இழுத்து மோடத்தை மாட்டினேன். அவர் பந்தலுக்கு அடியிலேயே நின்று வியாபாரியைக் கூப்பிட்டு, குலை குலையாகக் காட்டினார். “கொள்ளாமோ சேட்டா?” என்று மலையாளத்திலேயே, நன்றாக இருக்கிறதா எனக் கேட்டார். பேரம் அங்கேயே படிந்தது.

பொழுது சாய்வதற்குள் பக்கத்துத் தோட்டக்காரர்களும் மோடம் கேட்டு வந்துவிட்டார்கள். முதலாளிக்குச் சொன்னேன்.

“எத்தனை வீடு?”

“வீடு ஒண்ணுகூட இல்லண்ணே. எல்லாம் மோட்டார் ரூம்.”

“கேபிள் கெடக்கட்டும்” என்றார்.

இப்போது நான் அதே கம்பெனியில் மேனேஜர். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: போனில் முகவரி கேட்பதற்கு முன்னால், எதற்கு வேண்டும் என்று கேளுங்கள்.