கை நீட்டாத புவாகம்

உச்சி வெயிலில் யாருடைய மோட்டார் சைக்கிளையோ தள்ளிக்கொண்டு வந்தாள் புவாகம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊர் எல்லையிலிருந்து நான்கு கிலோமீட்டரும் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். ரத்ரியின் வீட்டு வேலியில் அதைச் சாய்த்துவிட்டு, "உன் புருசன் வண்டிதாம்மா. சங்கிலி அறுந்துபோச்சு. அவன் பின்னாடி வருவான்" என்றாள். ரத்ரி குனிந்து பார்த்தாள். சங்கிலி நன்றாகத்தான் இருந்தது. புருசன் வான்சாய் குடித்துவிட்டு எங்கோ நிழலில் கிடக்கிறான் என்று புரிந்துவிட்டது. பண்டிகைக்கு வந்த மாமியார் வீட்டுக் கூட்டம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் புவாகம் வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், அதே வெயிலில் திரும்பி நடந்தாள்.

விடியற்காலைச் சந்தையில் ஒட்டரிசிச் சோறு வேகவைத்து விற்பவள் அவள். சித்திரையில் வரும் சொங்கிரான் புத்தாண்டுப் பண்டிகை வாரம் மட்டும் கடையை மகளிடம் விட்டுவிட்டு, வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் ஊர் எல்லைச் சாவடியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். பட்டணத்துப் பிள்ளைகள் தூக்கமில்லாமல் வண்டியோட்டி வருகிற வாரம். தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு, வீடெல்லாம் அரிசிச் சாராயம். 'ஆபத்தான ஏழு நாள்' என்று ரேடியோ அலறும். ஊர்த்தலைவர் கொடுத்த ஆரஞ்சு நிற மேற்சட்டை அவளுக்கு முழங்கால் வரை தொங்கும்.

ஊதிப் பார்க்கும் கருவியெல்லாம் அவளிடம் இல்லை. மூக்குதான்.

"ஊது" என்பாள். ஊதினால், "பீரு இல்ல, அரிசி. காலைல குடிச்சதும் இல்ல, இப்பத்தான்" என்று சாவியை உருவி மூங்கில் சோற்று டப்பாவில் போட்டு மூடுவாள்.

"அத்தைக்கு முத்தம் வேணும்டா, எல்லார் வாயையும் மோந்து பாக்குது!" என்று இளவட்டங்கள் சிரிக்கும்.

"உன் வாய மோந்தா சேத்துல படுத்த எருமகூட எந்திரிச்சு ஓடிரும். எறங்குடா."

தொலைவிலிருந்து வருகிறவர்களின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். "டயரும் கொதிக்குது, உன் கண்ணும் கொதிக்குது. புளியமரத்தடியில ஒரு மணி நேரம் படு" என்று தன் பாயையே கொடுத்துவிடுவாள்.

அடுத்த ஆண்டுப் பண்டிகையின் மூன்றாம் நாள். சுட்ட சீயக்காயும் பூவும் ஊறிய நீரை மூத்தவர் கையில் ஊற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கெல்லாம் இளையவர்கள் மன்னிப்புக் கேட்கிற நாள் அது. கேட்டு வந்தவன் முன்னால் கையை இழுத்துக்கொண்டால் அவனைச் சபித்ததாகப் பொருள். அதை எந்த மூத்தவரும் செய்வதில்லை.

அன்று காலையிலிருந்தே வான்சாயின் சாவி மூங்கில் டப்பாவில் கிடந்தது. இரண்டு மணிக்கு அவன் யாரிடமோ ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்து, கொதிக்கிற தாரில் மண்டியிட்டான்.

"போன வருசம் உன்னைக் கிழட்டு நாயின்னு திட்டினேன் அத்தை. மன்னிச்சிரு."

அவன் மூச்சில் சாராயம் அடித்தது. ஆனாலும் புவாகம் இரண்டு கையையும் நீட்டினாள். நீர் விரல் வழியே ஒழுகியது. "நல்லா இரு. நூறு வருசம் இரு" என்று ஆசி சொன்னாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு சாவிய மட்டும் பிடிச்சு வச்சா, அது என்ன மன்னிப்பு அத்தை?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "குடுத்துரு அத்தை, பாவம், முட்டி வேகுது!" என்றான் ஒருவன். ஈரக் கையோடு அவள் டப்பாவைத் திறந்தாள்.

இரண்டு கிலோமீட்டரில், தேக்குச் சருகு கொட்டிக் கிடக்கும் வளைவில், வான்சாய் முடிந்துபோனான்.

எரியூட்டிய அன்று புவாகம் எல்லோர் முன்னிலையிலும் ரத்ரியிடம் வந்து, "சாவிய நான்தான் குடுத்தேன்" என்றாள். அது அவனவன் வினை என்று தேற்றினார் மடத்துத் துறவி. "வினை அவனுதுதான் சாமி. கை என்னுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள் புவாகம். அந்த ஆண்டு முழுவதும் ரத்ரி சந்தையில் வேறு கடையில் சோறு வாங்கினாள்.

இந்தச் சித்திரையிலும் புவாகம் சாவடிக்கு வந்தாள். மூக்கு அதேதான். கைகள் மட்டும் அக்குளுக்குள் போய்விட்டன. கிண்ணத்தோடு வந்த பிள்ளைகளை, "தலைவரு அங்க இருக்காரு, அவருக்கு ஊத்து" என்று விரட்டினாள். பெற்ற மகளையும் அப்படித்தான் விரட்டினாள்.

மூன்றாம் நாள் ரத்ரி வந்தாள். வீட்டை விற்றுவிட்டு அக்காள் இருக்கும் லம்பாங்குக்குப் போகிறாள். அண்ணன் தாவோன் பிக்கப் வண்டியை ஓட்டி வந்திருந்தான். மடியில் வைத்திருந்த சீயக்காய்க் கிண்ணத்தை அவள் வழியெல்லாம் சிந்தாமல் காத்து வந்திருந்தாள். ஓராண்டாய் நெஞ்சில் கிடந்த வெறுப்பைப் புது ஊருக்கும் தூக்கிக்கொண்டு போக அவளுக்குத் தெம்பில்லை. அதை இங்கேயே, இந்தக் கையிலேயே ஊற்றிவிட்டுப் போக வேண்டும்.

மண்டியிட்டாள். "மனசுக்குள்ள உங்கள தினமும் வைஞ்சேன் அத்தை. இன்னியோட போதும். கை நீட்டுங்க."

புவாகம் கை நீட்டவில்லை. ரத்ரியின் தலைக்கு மேலே பார்த்து, "தாவோன், ஊது" என்றாள்.

"நான் கோயில்ல பஞ்சசீலம் எடுத்தவன், குடிக்கவே மாட்டேன் அத்தை..."

"ஊதுடா."

ஊதினான். சாராய வாடை இல்லை. அவள் நான்கு டயரையும் அழுத்திப் பார்த்தாள். வழிநெடுகப் பிள்ளைகள் பண்டிகை விளையாட்டாய் வீசிய வெள்ளைமாவு வெயிலில் காய்ந்து, முன்கண்ணாடி முழுக்க அப்பிக் கிடந்தது. தாவோன் உள்ளங்கையளவு துடைத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகத்தான் பார்த்து ஓட்டி வந்திருந்தான்.

புவாகம் ரத்ரியின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். நீரைக் கண்ணாடியில் ஊற்றி, மேற்சட்டையின் முனையால் மூலை மூலையாகத் துடைத்தாள். கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு, காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வேண்டாம்மா. ரோடு தெரியுதா பாரு. தெரிஞ்சா போ."