மூன்றே நிறத்தில் எங்கள் கூடம்

இன்று திண்டிவனத்தில் மகளின் பள்ளியில் ஓவியக் கண்காட்சி. மூன்றே நிறத்தில் வீட்டின் உள்ளே ஓர் இடத்தை வரைய வேண்டுமாம்.

அவள் வரைந்தது எங்கள் கூடம். அரை இருட்டு, ஜன்னல் வெளிச்சம், அது விழும் சுவரில் மழை ஒழுகிய கறை.

ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவன் நான். இதைப் பார்த்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

"கறைய மட்டும் மறைச்சிடு பாப்பா" என்று கெஞ்சினேன்.

"அதாம்ப்பா படமே!"

படம் பார்த்த ஒருவர் அவளிடம் கேட்டார். "சொவுத்த ஏம்மா இப்படி உட்டு வச்சிருக்கீங்க?"

"எங்கப்பா பெயிண்டரு அங்கிள். எங்க வீட்டுக்கு மட்டும் அவருக்கு நேரமில்ல."

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காவது நேரம் இருக்குமாங்க?"

"நாளைக்கே வர்றேங்க!"

பக்கத்தில் நின்ற மனைவி படத்திலிருந்த கறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுதான் பயமாக இருக்கிறது.

நாளை நான் எந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது? மனைவி கண்ணில் படாமல் பதில் போடுங்கள்.